காவிரி டெல்டா பக்கம் ஆங்சைட்டிக்குச் சிகிச்சையும், கூடிப் பேச ஒரு குழுவும் கிடைக்குமா?

“போகிற இடமெல்லாம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்” என்று கேள்வியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் நாயனக்காரன், நாதஸ்வரம் வாசிக்கிறவன். பதினோரு வயதிலிருந்து மூச்சுதான் எனக்குச் சோறு போடுகிறது. என்னிடமே அதைச் சொன்னார்கள்.

உங்களுக்குச் சின்ன வயது, வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் அந்த இடங்களை விட்டுவிட்டுப் படியுங்கள்.

2022 வைகாசி. கொரோனாவில் கல்யாணமும் கோயில் திருவிழாவும் படுத்து, கடன் ஏறி, ஒருவழியாக முகூர்த்தங்கள் திரும்பி வந்திருந்த நேரம். கும்பகோணத்தில் ஒரு மண்டபம். ஐயர் கையைத் தூக்கி “கெட்டிமேளம்” என்றார். தவிலில் மைத்துனர் இடி மாதிரி இறங்கிவிட்டார். நான் சீவாளியை, அதுதான் நாயனத்தின் ஊதுகிற முனையை, உதட்டில் வைத்தேன், மூச்சு உள்ளே போகவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. உதடு மரத்தது, அப்புறம் விரல் நுனி. எந்தத் துளையை மூடியிருக்கிறேன் என்றே விரலுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இரண்டாம் நாயனம் என் அக்கா பையன். அவன்தான் தாங்கிப் பிடித்தான். தாலி ஏறிவிட்டது. ஆனால் பெண்ணின் மாமா கவனித்திருக்கிறார். “பெரியவர் சும்மாத்தானே வச்சிருந்தாரு” என்று சன்மானத்தில் இரண்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. ஈசிஜி, எக்கோ எல்லாம் சுத்தம். “கேஸ் டிரபிள்தான்” என்றார்கள். இதயத்தை முதலில் பார்ப்பது சரிதான், அதைக் குறை சொல்லவில்லை. தைராய்டும் பார்த்துவிட வேண்டும். குறை அதற்கு அடுத்தது. இன்னொரு இடத்தில் பதற்றத்தைத் தணிக்கிற அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. நானும் அதே பழைய சீட்டைக் காட்டி எட்டு மாதம் வாங்கித் தின்றேன். அரை மாத்திரை ஒன்றானது. அது கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுக்கிற மாத்திரை, பழகிக்கொள்ளும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்பதெல்லாம் பிறகுதான் தெரியும்.

மனநோய் தீர வேண்டிப் போய்த் தங்குகிற குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கச் சொன்னார் அம்மா. கமெண்டில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், கோயிலை நான் குறைத்துப் பேச மாட்டேன், நான் வாசிப்பதே சாமி முன்னால்தான். ஆனால் நாற்பத்தெட்டு நாள் வாசிப்பு இல்லாமல் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இப்போது தஞ்சாவூர் ஜில்லாக் கல்யாணத்திலேயே மாப்பிள்ளை அழைப்புக்குக் கேரளத்துச் செண்டை மேளம். அவர்களுக்கு வேன் வாடகை, ரூம், கேட்ட பணம். அவர்களும் என்னை மாதிரி வித்தைக்காரர்கள்தான், அவர்கள் மேல் கோபமில்லை. எங்களிடம் மட்டும் பேரம், உட்காரப் பந்தி வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிற கைகள் எத்தனை மிச்சம் என்று யார் கேட்கிறார்கள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு 14416 என்ற எண்ணைச் சொன்னார். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. ராத்திரி பதினொன்றரைக்கு மாட்டுக்கொட்டகையில் நின்று பேசினேன். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கே வருவார், அங்கே போங்கள் என்றார்கள். கிழமை ஊருக்கு ஊர் வேறு, உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாளில் தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

போனேன். அந்த டாக்டர் எனக்கு எழுதியது எஸ்சிட்டலோபிராம் என்ற பதற்றத்துக்கான மாத்திரை. பெயரைப் பார்த்துக் கடையில் வாங்கிவிடாதீர்கள். வேலை செய்ய வாரங்கள் ஆகும், முதலில் வயிற்றைப் புரட்டும், படபடப்பு கூடின மாதிரிகூட இருக்கும் என்று முன்னாலேயே சொன்னதால் தாக்குப் பிடித்தேன். பழைய மாத்திரையைக் கால் காலாகக் குறைத்தார்.

இனி குழு. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேச ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் இருக்கிற மாதிரி, பதற்றத்துக்கென்று போர்டு மாட்டிய இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. எங்களுக்குக் கிடைத்தது அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அறை. மதியம் கூட்டம் குறைந்ததும் அங்கே இருக்கிற உளவியலாளர் அம்மா வரிசையிலிருந்து ஏழு பேரை உட்கார வைத்தார். பஸ் ஏறப் பயப்படுகிற ஒரு அக்கா, பாலிடெக்னிக் பையன், ரிட்டயரான ஒரு வாத்தியார், இப்படி. எல்லாருக்கும் நெஞ்சைச் சோதித்தாகிவிட்டதா என்று சீட்டைப் பார்த்துக்கொண்டு, “ஒரு நிமிஷம் வேகவேகமா மூச்சு வாங்குங்க” என்றார். வாங்கினோம். உதடு மரத்தது, அப்புறம் விரல் நுனி. மண்டபத்தில் வந்த அதே மரப்பு, அதே வரிசையில்! வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும், அதனால்தான் இந்த மரப்பு, இதயம் இல்லை என்று விளக்கினார். அப்படியென்றால் அன்றைக்கு எனக்கு மூச்சு போதாமல் போகவில்லை, கூடிப்போயிருக்கிறது. பஸ் அக்கா தன் கையை உதறிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள், ஆஸ்துமா, நெஞ்சுநோய் இருப்பவர்களுக்கு ஆகாது.

மாதம் இரண்டு தடவை அப்படி உட்கார்ந்தோம். இப்போது முகூர்த்தத்துக்கு முன்னால் பயம் வராமல் இல்லை, வரும். வந்தால் விரல் மரக்கும், அது பாட்டுக்குப் போகும், நான் வாசித்துக்கொண்டிருப்பேன்.

தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். உங்கள் விவரத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் வெளியே சொல்லக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் வரிசையில் நிற்பவர்களுக்கு ஏது சட்டம்? இரண்டாம் தடவை போனபோது ஒருவர், “நீங்க எங்க வீட்டுக் கல்யாணத்துல வாசிச்சவரு இல்ல? இங்க எங்க?” என்றார். “பிரஷர் மாத்திரைக்கு” என்றேன். “நானும் அதுக்குத்தான்” என்றார். அரை மணி நேரம் கழித்து ஊசி அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

ஒன்பது மணிக்கு முன்னால் போய் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள். பழைய சீட்டு, ஈசிஜி எல்லாம் கையில் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மதியம் ஆகிவிடும்.