எஃப்சிங்க் பிழை தந்தால் மறுபடி கேட்காதீர்கள்: லினக்ஸ் பேஜ் கேஷ் கேள்வி-பதில்

பென்டிரைவில் 4 ஜிபி கோப்பை நகலெடுத்தேன். சில நொடிகளில் முடிந்துவிட்டது. கழற்றி வேறு கணினியில் போட்டால் கோப்பு பாதிதான் இருக்கிறது. டிரைவ் பழுதா?

டிரைவ் மேல் பழி போடாதீர்கள். அந்தச் சில நொடிகளில் கோப்பு போய்ச் சேர்ந்த இடம் ரேம். அங்கே கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்திருக்கும் தற்காலிக இடம்தான் பேஜ் கேஷ். டர்ட்டி பக்கம் (வட்டில் இன்னும் எழுதப்படாத துண்டு) ஒன்று அரை நிமிடம் வரைகூட அங்கேயே காத்திருக்கும், அதன் பிறகுதான் கர்னல் அதை மெதுவாக எழுதத் தொடங்கும். அன்மவுண்ட் கட்டளை (மிச்சத்தை எழுதி டிரைவைப் பிரிப்பது) முடிந்து பிராம்ப்ட் வந்த பிறகே கழற்றுங்கள்.

ஹார்ட் டிஸ்க் எரர் வருகிறது. உடனே தீர்வு சொல்லவும்.

என்ன எரர்? எந்த ஃபைல்சிஸ்டம் (வட்டில் கோப்புகளை அடுக்கும் முறை)? டிமெஸ்க் (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) என்ன சொல்கிறது? ஒரு வரிகூட எழுதாமல் தீர்வு கேட்டால் எதை வைத்துச் சொல்வது? பொதுவாக ஒன்று சொல்லலாம்: முதலில் டிமெஸ்க் பாருங்கள். படிப்பதிலேயே பிழை வருகிறதென்றால் டிடிரெஸ்க்யூ (பழுதான வட்டை நகலெடுக்கும் கருவி) வைத்து முழு வட்டையும் வேறு வட்டுக்கு எடுத்துவிடுங்கள். சாகக் கிடக்கும் வட்டில் எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓட்டவே ஓட்டாதீர்கள். ஓட்டுவதென்றால் நகலில் ஓட்டுங்கள்.

என் நிரலில் எஃப்சிங்க் (டேட்டாவை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) ஒருமுறை ஈஐஓ (படிக்க-எழுத முடியாத பிழை) தந்தது. லூப் போட்டு மறுபடி அழைத்தேன், இரண்டாம் முறை 0 வந்தது. சரியாகிவிட்டது என்று விட்டேன். கோப்பைத் திறந்து பார்த்தபோதும் புது டேட்டாதான் இருந்தது. மறுநாள் பார்த்தால் பழைய டேட்டா! எப்படி?

இந்த லூப்பை எத்தனை பேர் நிரலில் பார்த்துவிட்டேன்! தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். ரைட் அழைப்பு உங்கள் டேட்டாவை கேஷில் போட்டுவிட்டு வெற்றி என்று திரும்பிவிட்டது. பிறகு கர்னல் அதை வட்டுக்கு அனுப்பியபோது எழுத முடியவில்லை. அந்தத் தோல்வி குறித்துவைக்கப்பட்டு, எஃப்சிங்க் வந்து கேட்டபோது ஈஐஓ என்று சொல்லப்பட்டது. ஆனால் அதற்குள் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டங்கள் இரண்டுமே அந்தப் பக்கத்தை ‘கிளீன்’ (எழுதியாயிற்று) என்று குறித்துவிடும். இரண்டாவது எஃப்சிங்குக்கு எழுத எதுவும் மிச்சமில்லை, சொல்லப் பிழையும் இல்லை, அதனால் 0. வட்டில் பழையது, ரேமில் புதியது. திறந்து பார்த்தபோது தெரிந்தது ரேமில் இருந்த பிரதி. இரவில் மெமரி தேவைப்பட்டுக் கர்னல் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டது. காலையில் வட்டிலிருந்து படித்தது, பழையது வந்தது.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸ் சுமார் 20 ஆண்டுகள் இதே நம்பிக்கையில்தான் ஓடியது. 2018-இல் விஷயம் வெளியே வந்து பெரிய விவாதம் ஆனது. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து எஃப்சிங்க் தோற்றால் அது பானிக் ஆகி நின்று, வால் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும்) பதிவிலிருந்து மீண்டு எழுகிறது. அதுதான் சரியான நடத்தை.

கர்னல் ஏன் அப்படிச் செய்கிறது என்று கோபப்படலாம். பிடுங்கப்பட்ட பென்டிரைவின் பக்கங்களை எல்லாம் டர்ட்டியாகவே வைத்திருந்தால் ரேம் நிரம்பி இயந்திரமே நின்றுவிடும் என்பது கர்னல் எழுதுபவர்களின் வாதம். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் பக்கத்தை டர்ட்டியாகவே வைத்து மறுபடி முயல்கிறது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். லினக்ஸிலும் முன்னேற்றம் உண்டு. முன்பெல்லாம் முதலில் கேட்டவரோடு பிழை போய்விடும். 2017-இல் வந்த 4.13 கர்னல் முதல், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) ஒருமுறை சொல்லப்படும். ஒருமுறைதான். அதைக் கவனிக்காமல் விட்டால் போனதுதான்.

எஃப்சிங்க் தோற்றதா? டேட்டா உங்கள் நிரலின் பஃபரில் இன்னும் இருந்தால் வேறு கோப்பில், முடிந்தால் வேறு வட்டில், முதலிலிருந்து எழுதி எஃப்சிங்க் செய்யுங்கள். அதே வட்டில் எழுதினால் ரீநேம் செய்து டைரக்டரிக்கும் எஃப்சிங்க் போடுங்கள். பஃபரில் இல்லையென்றால் நிரலை நிறுத்திப் பதிவிலிருந்து மீட்டெடுங்கள். அப்புறம், குளோஸ் செய்தால் எழுதப்பட்டுவிடும் என்றும் நம்பாதீர்கள்.

டிராப் கேஷஸில் (கேஷைக் காலி செய்யும் கர்னல் அமைப்பு) 3 எழுதினால் அந்த எஃப்சிங்க் பிழை நீங்குமா?

நீங்காது. அது பக்கங்களில் கிளீனானவற்றை மட்டும்தான் தூக்கி எறியும். மேலே சொன்னதைப் படித்தீர்களா? எழுதத் தவறிய பக்கமும் இப்போது கிளீன்தான். ரேமில் இருக்கும் கடைசி நல்ல பிரதியை உங்கள் கையாலேயே அழிப்பீர்கள். முதலில் அந்தக் கோப்பை வேறு வட்டுக்கு நகலெடுங்கள்.

இஎக்ஸ்டி4-இல் பிழை வந்தால் ரீட்-ஒன்லி ஆகும்படி மவுண்ட் செய்திருக்கிறேன். போதாதா?

அது மெட்டாடேட்டா (கோப்புகளைப் பற்றிய குறிப்புகள்) பிழைக்கு. கோப்பின் உள்ளடக்கம் எழுதப்படாமல் போனால் அது அசையாது. ஆர்டர்ட் முறையில் (மெட்டாடேட்டாவைப் பதியும் முன் டேட்டாவை எழுதுவது) டேட்டா பிழைக்கும் நிற்க வேண்டுமென்றால் டேட்டா-எரர்-அபார்ட் விருப்பத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பிகேஷை (ஹார்ட் டிஸ்க்குக்கு எஸ்எஸ்டியைக் கேஷாக்கும் வசதி) ரைட்பேக் முறையில் (முதலில் எஸ்எஸ்டியில், பிறகு ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது) வைத்திருந்தேன். எஸ்எஸ்டி செத்துவிட்டது. பின்னால் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வைத்து இயக்கலாமா?

எஸ்எஸ்டியில் டர்ட்டி டேட்டா இருந்திருந்தால் அது வேறெங்கும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல்சிஸ்டம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதில் நேரடியாக எதையும் முயலாமல் முதலில் நகல் எடுங்கள், பிறகு நகலில் எஃப்எஸ்சிகே. ஒற்றை எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் ரைட்த்ரூவில் (இரண்டிலும் உடனே எழுதுவது) இருங்கள். ரைட்பேக் வேண்டுமென்றால் இரண்டு எஸ்எஸ்டி போட்டு மிரர் செய்யுங்கள்.

ஸ்மார்ட் அறிக்கையில் (வட்டு தன் நிலையைப் பற்றித் தருவது) 199-ஆவது எண் ஏறிக்கொண்டே போகிறது, பழுதான செக்டர்களைக் காட்டும் 5-உம் 197-உம் பூஜ்யம். வட்டை மாற்ற வேண்டுமா?

199 சிஆர்சி பிழை, அதாவது வட்டுக்கும் கணினிக்கும் இடையே டேட்டா போகும் வழியில் வரும் பிழை. பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். முதலில் டிமெஸ்க் பாருங்கள், பிறகு கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது. மேலும் ஏறாமல் இருந்தால் போதும்.