மழைப் பாட்டின் இன்னொரு இயக்குநர் – கடிதம்

வணக்கம் சார்,

போன வாரக் கட்டுரையில் 'ஜீன் கெல்லியின் சிங்கின் இன் தி ரெயின்' என்று அந்த ஹாலிவுட் பாட்டுப் படத்தைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். டைட்டிலில் இயக்கம் என்று இரண்டு பேர் வருகிறது: ஜீன் கெல்லி, ஸ்டான்லி டோனன். இந்த டோனன் யார்? கெல்லிக்குக் கூடமாட ஒத்தாசைக்கு இருந்த பையன்தானே என்கிறான் என் நண்பன். உண்மையில் யார் எதைச் செய்தார்கள்? டோனன் படங்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

சி., திருநெல்வேலி

அன்புள்ள சி.,

தப்பு என் மேல்தான். அந்தப் படம் என்றாலே கெல்லி பெயர்தான் வாயில் வருகிறது, மழைப் பாட்டில் விளக்குக் கம்பத்தில் தொங்குகிற ஆள் அவர்தானே. ஆனால் உங்கள் நண்பர் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டோனன் 1924இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், கொலம்பியா என்ற ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதில் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் ஆடிய 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ'வைப் பார்த்துவிட்டு, திரும்பத் திரும்ப அதையே போய்ப் பார்த்து, நடனம் கற்றுக்கொண்டு, பதினாறு வயதில் நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார். அங்கே நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் 'பால் ஜோயி' என்ற பாட்டு நாடகத்தில் பின்வரிசையில் ஆடுகிற வேலை. கதாநாயகன் ஜீன் கெல்லி, பன்னிரண்டு வயது மூத்தவர். கூட இருந்த பையன் என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்திருக்கும். கெல்லி அவரை அடுத்தடுத்த வேலைகளுக்கு அழைத்துப்போனதும் உண்மைதான்.

ஆனால் 1944இல் வந்த 'கவர் கேர்ள்' படத்தில் அந்தப் பையன் என்ன செய்தான் என்று பாருங்கள். ராத்திரி, ஆளில்லாத தெரு. கடைக் கண்ணாடியில் தெரிகிற கெல்லியின் பிம்பம் வெளியே குதித்து அவரோடு போட்டி போட்டு ஆடுகிறது. நம் பழைய இரட்டை வேடப் படங்களில் கேமராவை அசையாமல் வைத்து, பாதி ஃபிரேமை மறைத்து, இரண்டு தடவை எடுப்பார்கள். இங்கே கேமரா நகர்கிறது. முதல் தடவை எந்தத் தாளத்துக்கு எந்த இடத்தில் போய் நின்றதோ, கெல்லி பிம்பமாக ஆடும் இரண்டாவது தடவையும் அதே தாளத்துக்கு அதே இடத்தில் நின்றாக வேண்டும், ஒரு சாண் தவறினாலும் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிவிடுவார்கள். கம்ப்யூட்டரா இருந்தது? வாயால் எண்ணித்தான். படத்தின் இயக்குநர் சார்ல்ஸ் விடோர் இது நடக்காது என்று கைவிட்ட காட்சி அது. எடுத்துக் கொடுத்த டோனனுக்குப் பத்தொன்பது வயது.

யார் எதைச் செய்தார்கள் என்ற கேள்விக்கு என் பதில் கிட்டத்தட்ட அதற்குள்ளேயே இருக்கிறது. ஆட்டம் பெரும்பாலும் கெல்லியுடையது, கேமரா பக்கம் நின்றது டோனன். கத்தி வைத்து வெட்டின மாதிரி பிரிக்க முடியாதுதான். இருந்தாலும் அந்தக் காட்சியை எந்த மேடையிலும் போட முடியாது, சினிமாவில் மட்டும்தான் முடியும், சினிமாவில் மட்டும் முடிகிறதைச் செய்து பார்க்கிற அந்தக் கிறுக்கு டோனனுக்குக் கடைசிவரை இருந்தது.

இருவரும் சேர்ந்து இயக்கிய முதல் படம் 'ஆன் தி டவுன்', 1949. மூன்று மாலுமிகளுக்கு ஒரே ஒரு நாள் விடுப்பு, நியூயார்க்கைப் பார்த்து முடித்துவிட வேண்டும். ஒரே பாட்டுக்குள் வரிக்கு வரி இடம் மாறுகிறது. புரூக்ளின் பாலம், சுதந்திர தேவி சிலை, ராக்ஃபெல்லர் சென்டர். பல்லவி ஊட்டியிலும் சரணம் காஷ்மீரிலும் வைத்து வளர்ந்த நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஸ்டுடியோவுக்குள் செட் போட்டே எல்லாவற்றையும் எடுத்த ஹாலிவுட்டுக்கு அது பெரிய விஷயம். மூவரில் ஒருவர் புகழ்பெற்ற பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, அவரைப் பார்த்தால் கூட்டம் கூடிவிடும் என்று கேமராவை ஒளித்து வைத்தெல்லாம் எடுத்தார்கள். கோவையில் ஒரு திரைப்பட சங்கத்தில் இதைப் போட்டபோது, பாட்டு தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள். பழக்கதோஷம். திரும்பி வந்து "கதை எங்கே வரை போச்சு?" என்று கேட்டார்கள், கதை அந்தப் பாட்டுக்குள்தான் போயிருந்தது.

அப்புறம் 1952, 'சிங்கின் இன் தி ரெயின்', அந்த மழை. மழை திரையில் தெரியத் தண்ணீரில் பாலைக் கலந்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது, நம்பாதீர்கள், பின்னாலிருந்து விளக்கு போட்டார்கள், அவ்வளவுதான். எம்ஜிஎம் ஸ்டுடியோ வளாகத்துத் தெருவைத் தார்ப்பாயால் மூடிப் பகலை இரவாக்கி எடுத்தார்கள், கெல்லிக்கு அன்று 103 டிகிரி காய்ச்சல். இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் கேமராவைக் கவனியுங்கள். வீட்டு வாசலிலிருந்து அவர் நடக்கும்போது கூடவே நடக்கிறது. மழையே வா என்கிற மாதிரி முகத்தை நிமிர்த்தும்போது முகத்தை நோக்கிப் போகிறது. விரித்த குடையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் சுற்றும்போது இசையும் பொங்கி எழ, கேமரா பின்வாங்கி மேலே போய்விடுகிறது. ஆடுகிறவர் ஒருவர், ஆட்டம் இரண்டு பேருடையது.

1955இல் 'இட்ஸ் ஆல்வேஸ் ஃபேர் வெதர்' எடுத்து முடிப்பதற்குள் இருவருக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. டோனனின் முதல் மனைவி ஜீன் காய்ன் விவாகரத்துக்குப் பல வருஷம் கழித்து 1960இல் கெல்லியை மணந்தார், அதையும் இதோடு முடிச்சுப் போட்டுக் கதை சொல்வார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிரிந்த பிறகு யார் என்ன எடுத்தார்கள் என்று பார்த்தால் போதும். டோனன் 'ஃபன்னி ஃபேஸ்' எடுத்தார், 'இன்டிஸ்கிரீட்' எடுத்தார். 'இன்டிஸ்கிரீட்' பாட்டுப் படமே இல்லை. கல்யாணமாகாத ஜோடியை ஒரே கட்டிலில் காட்டக்கூடாது என்று தணிக்கை விதி இருந்த காலம், அவரவர் படுக்கையிலிருந்து ஃபோன் பேசுகிற இருவரையும் திரையை இரண்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டார் மனுஷன்! கெல்லி தனியாக இயக்கிய 'ஹலோ, டாலி!'யில் எனக்குச் செலவுதான் தெரிகிறது. கெல்லி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

இயக்கத்துக்காக ஆஸ்கருக்கு டோனன் பெயர் ஒரு தடவைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. 1998இல் கௌரவ விருதாகக் கொடுத்தார்கள். எழுபத்து மூன்று வயதில் மேடையேறி, சிலையைக் கன்னத்தோடு அணைத்துப் பாடிக்கொண்டே ஆடினார். பிறகு ரகசியம் சொன்னார்: நல்ல கதை, பாட்டு, நடிகர்களை எல்லாம் பிடித்துவிட்டு நீங்கள் படப்பிடிப்புக்குப் போய் நின்றால் போதும், ஆனால் கண்டிப்பாகப் போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரை நீங்கள் வாங்கிக்கொள்ள முடியாது என்று. அரங்கம் சிரித்தது. உங்கள் நண்பருக்கு இதைக் காட்டுங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது? 'ராயல் வெட்டிங்', 1951. அமெரிக்காவில் அதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால் இணையத்தில் சும்மாவே கிடைக்கும். கதை சுமார்தான், நடுவில் ஓட்டிவிட்டாலும் பாவமில்லை. ஒன்பது வயதில் யாரைப் பார்த்து மயங்கினாரோ அதே அஸ்டேரை இருபத்தாறு வயதில் இயக்குகிறார். ஓட்டல் அறையில் தனியாக இருக்கும் அஸ்டேர் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக ஆடி, அந்தப் பக்கச் சுவர் வழியாக இறங்குவார். அறை மொத்தத்தையும் ஒரு பெரிய உருளைக்குள் கட்டிச் சுற்றியிருக்கிறார்கள், மேசை நாற்காலி எல்லாம் தரையோடு பொருத்தியது, கேமராவும் கேமராக்காரரும் அறையோடு கட்டப்பட்டு அறையோடே சுற்றினார்கள். அஸ்டேர் மட்டும் எப்போதும் எந்தப் பக்கம் கீழே வருகிறதோ அதன் மேல்தான் நிற்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டு நாலு தடவை பார்த்துவிட்டேன், எந்த நொடியில் சுவர் தரையாகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் எழுதுங்கள்.