நைஜீரியாவின் எண்ணெய்ப் பகுதியான நைஜர் டெல்டாவைப் போல, எண்ணெய் நிறுவனப் பணத்துக்காகக் காவிரி டெல்டாவிலும் ஊரும் ஊரும் வெட்டிக்கொள்ளும் நிலை வருமா?

அந்த அளவுக்கு வராது என்பதே என் கணிப்பு. இங்கே எல்லோரும் சாதுக்கள் என்பதால் அல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலித் தகராறில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த மண் இது. எண்ணெய்ப் பணம் எந்த வழியாக வருகிறது, யார் பெயருக்கு வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

நைஜீரியாவில் 1978-இன் நிலப் பயன்பாட்டுச் சட்டம் நிலத்தை மாநில ஆளுநரின் பொறுப்பில் வைத்தது. எண்ணெயும் அரசுக்குச் சொந்தம். மக்களுக்குக் கிடைப்பதெல்லாம் ‘கிணறு இருக்கும் சமூகம்’ என்ற தகுதியை ஒட்டி வரும் வேலை, ஒப்பந்தம், நன்கொடை. ஆகவே கிணறு எந்த இனத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதே உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது. 1997-இல் நைஜர் டெல்டாவின் வாரி பகுதியில் ஓர் உள்ளாட்சித் தலைமையகத்தை இஜா மக்களின் ஒக்பே-இஜோவிலிருந்து இட்செகிரி மக்களின் ஒகிடிக்பென்னுக்கு மாற்றினார்கள். அலுவலகம் போனால் அதோடு சலுகையும் போய்விடும் என்ற அச்சம். ஆண்டுக்கணக்கில் நீண்ட மோதலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்; எண்ணெய் நிறுவன ஊழியர்களைப் பிணையாகப் பிடித்தார்கள். 2021-இல் வந்த பெட்ரோலியச் சட்டம், நிறுவனத்தின் இயக்கச் செலவில் 3 சதவீதத்தை இத்தகைய சமூகங்களின் அறக்கட்டளைக்குத் தரச் சொல்கிறது. குழாயை யாராவது உடைத்தால் பழுதுச் செலவை அந்தப் பணத்திலேயே கழித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. எவனோ உடைத்ததற்கு ஊரே தண்டம் கட்ட வேண்டும்!

நம் பக்கம் பட்டா, சர்வே எண், யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் அடங்கல் என்று ஒவ்வொரு மா நிலத்துக்கும் கணக்கு உண்டு. பணம் ஊருக்கு வருவதில்லை, பட்டாதாரருக்கு வருகிறது. 1962-இன் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி, வயலுக்கடியில் குழாய் போனால் நிலம் உங்களுடையதுதான். நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் பயிர்ச் சேதத்துக்கான தொகையும் தருவார்கள். அதன்மேல் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இந்தத் தொகைக்காக அடுத்த ஊர்க்காரன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான்.

சண்டை ஊருக்குள்ளேதான் நடக்கிறது. நான் பிறந்தது திருவாரூர் மாவட்டத்துக் கிராமம். எங்கள் ஊர் எல்லையில் ஒரு நிறுவனம் கிணறு தோண்டியது. அந்த நிலத்தின் பட்டாதாரர் சென்னையில் இருந்தார். சாகுபடி செய்தவர் வாய்மொழிக் குத்தகைதாரர். இரண்டாம் போகமான தாளடி நெல் நட்டு வேர்பிடித்த வயலில் கிராவல் கொட்டிப் பாதை போட்டார்கள். பயிர் இழப்பீடு யார் பெயரில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. “நட்டவன் நான், காசோலை மட்டும் அவருக்கா?” என்று அவர் விஏஓவிடம் கேட்டார். “அடங்கலில் உங்கள் பெயர் இல்லையே அண்ணே” என்று பதில் வந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அடுத்து, நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் குடிநீர்த் தொட்டி ஒன்று வந்தது. கிணற்றுக்குப் போகும் லாரிகள் புழுதி கிளப்பியது காலனித் தெரு வழியாக. தொட்டியோ பெரிய தெருவில் கட்டப்பட இருந்தது. கேட்கப் போன பையன்களுக்கு அடி விழுந்தது, பதிலுக்குக் கல் பறந்தது, ஒருவருக்குக் கை முறிந்தது. இரு தரப்பு மீதும் வழக்கு; வட்டாட்சியர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை, கையெழுத்து. அதே பேச்சுவார்த்தையில் காவலாளி வேலை எந்தத் தெருப் பையனுக்கு என்ற கேள்வியும் எழுந்தது. அதையெல்லாம் ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார் என்று நிறுவனத்து அதிகாரி நழுவிவிட்டார். ஒப்பந்ததாரர் யாருக்கு வேண்டியவர் என்பது ஊருக்கே தெரியும்.

செய்தியில் வரும் வன்முறை வேறு வகை. அங்கே ஊர் ஒரு பக்கம், போலீஸ் மறுபக்கம். 2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, ஆட்சியர் வரவேண்டும் என்று மக்கள் உட்கார்ந்தார்கள். வைக்கோல் எரிந்தது, தடியடி நடந்தது, மீத்தேன் எதிர்ப்பு இயக்கத்தின் பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் கைதானார்கள். டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போனபோதும், அதே 2017-இல் நெடுவாசலில் நடந்த ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்திலும், தெருக்களுக்கு இடையிலான கசப்பு சற்று அடங்கித்தான் இருந்தது. ‘எங்களுக்கு எவ்வளவு?’ என்று கேட்காமல் ‘வேண்டாம்’ என்று சொன்னதால் அது முடிந்தது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்பதில் பங்கு பிரிக்க ஒன்றும் இல்லை.

2020-இல் தமிழ்நாட்டில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே இருக்கும் திட்டங்களை அது தொடுவதில்லை. எனவே பழைய கிணறு, பழைய குழாய், பழைய புகைச்சல் எல்லாம் இருக்கவே செய்யும். இதை ஆராய நினைப்பவர்கள் நைஜீரியாவோடு ஒப்பிடுவதற்கு முன், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு தாலுகாவின் இழப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். குத்தகை உரிமையைப் பதிய 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. பட்டியலில் எத்தனை குத்தகைதாரர்களின் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.