பழைய ஒமேகா வாட்ச் 70,000 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா?

தஞ்சாவூரில் ஒருவர் 1960களின் ஒமேகா சீமாஸ்டர் ஆட்டோமேட்டிக் வாட்சை 70,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார், "டயல் புதுசு மாதிரியே இருக்கு, வருஷா வருஷம் விலை ஏறும்" என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'டயல் புதுசு மாதிரி'தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அறுபது வருடம் மனிதன் கையில் வெயிலிலும் வியர்வையிலும் கிடந்த பொருளுக்கு முகம் மட்டும் எப்படிப் புதுசாக இருக்கும்?

எனக்கு ஊர் பாபநாசம் பக்கம், தொழில் கும்பகோணத்தில் உரக்கடை. வாட்ச் வியாபாரி இல்லை, வாட்சில் பணத்தை விட்டவன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

2014இல் இணையத்தில் படம் பார்த்து மயங்கி, மும்பையிலிருந்து ஓர் 'ஒமேகா'வைத் தபாலில் வரவழைத்தேன். பளபளக்கும் நீல டயல், சிவப்பு செகண்ட் முள், 14,000 ரூபாய். குறுவைக்கு உரம் விற்ற காசு கையில் இருந்தது, புத்திதான் இல்லை. பெரிய கடைத்தெரு பக்கம் நாற்பது வருடமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவரிடம் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். பின்மூடியைத் திருகிக் கழற்றினார், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் நிமிர்ந்து, "தம்பி, கூட்டாஞ்சோறு சாப்பிட்டிருக்கீங்களா?" என்றார்.

மிஷினில் பாதி ஒமேகா, மீதி வேறெதுவோ. டயலில் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக பெயின்ட் அடித்து எழுத்து அச்சடித்திருந்தார்கள். முள் எந்த ஊர் என்று அவருக்கே தெரியவில்லை. மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ பசை. இந்த வகைக்குச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதனால் முதலில் டயல். பூதக்கண்ணாடியில் பாருங்கள். எழுத்துகள் தடித்து, மை கசிந்தது போல இருக்கிறதா? நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா, சற்று விலகியிருக்கின்றனவா? அடியில் 'சுவிஸ் மேட்' எழுத்து காணவில்லையா, பாதி வெட்டுப்பட்டிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அது திரும்ப அச்சடித்த டயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இருட்டில் ஒளிரும் பூச்சு எல்லாவற்றையும் நாம் 'ரேடியம்' என்கிறோம். நிஜ ரேடியம் 1960களிலேயே ஒழிந்து, அந்த இடத்துக்கு டிரிட்டியம் வந்தது. 'சுவிஸ்' என்ற எழுத்தின் பக்கத்தில் குட்டியாக 'டி' (T) போட்டிருந்தால் டிரிட்டியம். அதன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 வருடம், அறுபது வருடத்தில் வீரியம் கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருக்கும். ஆகவே 1960களின் வாட்ச் இருட்டில் ஜெகஜோதியாக எரிந்தால், யாரோ பின்னால் பூசியது. ரேடியம் போட்ட பழைய டயலாக இருந்தால் மூடியே வைத்திருங்கள். அந்தப் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது.

அடுத்து உள்ளே. பின்மூடியைத் திறக்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அந்தக் கால ஒமேகா மிஷின் செம்பு நிறத்தில் மின்னும், நம்பர் வெட்டியிருக்கும். தேதி இல்லாத ஆட்டோமேட்டிக் என்றால் 552 இருக்கலாம், தேதி இருந்தால் 562 அல்லது 565. இந்த 565 அறுபதுகளின் நடுவில்தான் வந்தது. விற்பவர் "1958 மாடல் சார்" என்று சொல்லி 565ஐக் காட்டினால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள். கண்ணாடியின் நட்ட நடுவில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் ஒமேகா சின்னம் பொறித்திருந்தால் அது கம்பெனிக் கண்ணாடி. சின்னம் இல்லாவிட்டால் பெரிய குற்றமில்லை, கண்ணாடி மாற்றுவது சகஜம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விற்பவரைச் சட்டென்று சந்தேகப்பட்டுவிடாதீர்கள். "இதுக்குப் பின்மூடி கழறாது" என்று அவர் சொன்னால் பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். சீமாஸ்டர் டிவில் என்று எழுதிய பல வாட்சுகளுக்கு உடம்பு ஒரே துண்டு. கண்ணாடியைக் கழற்றி முன்பக்கமாகத்தான் மிஷினை எடுக்க வேண்டும், அதற்குப் பழகிய கை வேண்டும். அப்படியென்றால் ரிப்பேர்காரர் முன்னால் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் சரியாக வாங்கிய கதை. 2019இல் கூத்தாநல்லூரில் ஒரு வீட்டில் விற்கிறார்கள் என்று தெரிந்தவர் சொன்னார். அந்த ஊரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள், பாதி வீட்டுக்கு மலேயா, சிங்கப்பூர் தொடர்பு உண்டு. அந்த வீட்டுக்காரர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, "எங்க அத்தா சபுர்லேர்ந்து (வெளிநாட்டுப் பயணத்திலிருந்து) வந்தப்போ கட்டிட்டு வந்தது. ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்துல வந்து இறங்கினாங்க" என்றார். டயல் பழைய மோர் நிறத்துக்கு மாறி, ஆறு மணிப் பக்கம் பொட்டுப் பொட்டாகக் கறை. கண்ணாடி முழுக்கக் கீறல். டின்னுக்குள்ளேயே சிங்கப்பூர்க் கடை ரசீது, டாலரில் விலை போட்டு, நாலாக மடித்துக் கிடந்தது. பார்க்க அழகில்லை. ஆனால் எதையும் யாரும் தொடவில்லை. பாயைக் காரில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கண்ணை மட்டும் காட்டினார். 60,000 கேட்டார்கள், 52,000க்கு முடிந்தது.

அதோடு செலவு முடிந்ததா? சர்வீஸ் 8,500. சாவி கொடுக்கும் கிரவுனும் கண்ணாடியும் 6,000. அந்த கிரவுன் கிடைக்கவே நாலு மாதம். மொத்தம் 66,500. நீங்கள் 70,000 என்று சொல்வதும் வெறும் வாங்கும் விலைதான், அதன் மேல் இப்படி ஒரு தொகை வந்து உட்காரும் என்று கணக்குப் போடுங்கள்.

என்னைக் கேட்டால், டெல்டாவில் இருக்கும் நமக்கு வாட்சை விட முக்கியமான கேள்வி அதை யார் பார்ப்பார்கள் என்பதுதான். ஒமேகா, ரோலக்ஸ் போன்றவர்கள் வெளி ஆட்களுக்கு உதிரி சாமான்களைத் தாராளமாகக் கொடுப்பதில்லை. ஆகவே பழைய சாமான் சேர்த்து வைத்திருக்கும் ஆள் தேவை. அப்படிப்பட்டவர்கள் நம் பக்கம் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் மிச்சம். எங்கள் பாயே இப்போது காலையில் மூன்று மணி நேரம்தான் கடை திறக்கிறார், நுணுக்கமான வேலை என்றால் "கண்ணு ஒத்துக்கலை தம்பி" என்று சென்னைக்கு அனுப்பிவிடுகிறார். கம்பெனிக்கே அனுப்பலாம், ஆனால் அவர்கள் சொல்லும் செலவு சில சமயம் வாட்ச் விலையையே எட்டிப் பிடிக்கும். அனுப்பினால் டயலையும் முள்ளையும் மாற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் புதுசு போட்டுவிட்டால் பழைய வாட்சின் மதிப்பே போச்சு.

"போன மாசம்தான் சர்வீஸ் பண்ணினேன்" என்று விற்பவர் சொன்னால் டைம்கிராஃபரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாட்சின் ஓட்டத்தை அளக்கும் சின்ன மிஷின்தான், இப்போது பல ரிப்பேர்காரர்களிடம் இருக்கிறது. உள்ளே ஆடும் சக்கரம் எவ்வளவு வீச்சில் ஆடுகிறது என்று அது டிகிரியில் காட்டும். முழுக்கச் சாவி கொடுத்த வாட்ச் 250 டிகிரிக்கு மேல் காட்டினால் ஆரோக்கியம். 200க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்து அழுக்கு ஏறிக் கிடக்கிறது, சர்வீஸ் பார்த்தது வாயில் மட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரே வரி. டயலிலோ பின்மூடியிலோ 'வாட்டர்புரூஃப்' என்று என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், ஆடிப் பெருக்கு அன்று அதைக் கட்டிக்கொண்டு படித்துறையில் இறங்காதீர்கள்.

விலை ஏறும் என்ற பேச்சுக்கு வருகிறேன். சில அபூர்வ மாடல்களுக்கு ஏறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் சாதாரண ஸ்டீல் சீமாஸ்டர் அறுபதுகளில் ஏராளமாகச் செய்யப்பட்டது. அவசரத்துக்கு விற்கப் போனால் நகையைப் போல அன்றைய ரேட்டுக்கு எடுத்துக்கொள்ள நம் கடைத்தெருவில் ஆள் கிடையாது, அடகுக் கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு நம் கையிலேயே கொடுத்துவிடுவார். முதலீடு என்று வீட்டில் சொல்லாதீர்கள், ஆசை என்று சொல்லுங்கள். திட்டு ஒரு தடவையோடு முடியும்.

பேட்டரி இல்லாத பழைய வாட்ச் உங்களுக்கு ஒத்துவருமா என்றே தெரியவில்லை என்றால், முதலில் கையால் சாவி கொடுக்கும் ஒரு பழைய எச்எம்டி ஜனதாவைக் கட்டிப் பாருங்கள். 1961இல் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த கம்பெனி, வாட்சும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதிலும் திரும்ப பெயின்ட் அடித்த டயல் நிறைய உலாவுகிறது, அதுவே நல்ல பயிற்சி. தினமும் காலையில் சாவி கொடுப்பதும், நாளைக்கு அரை நிமிடம் முன்பின்னாக ஓடுவதும் இரண்டு மாதத்தில் சலித்துவிட்டால் 70,000 மிச்சம்.

சலிக்காவிட்டால் மேலே சொன்னபடி பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாட்சுக்கு இன்றைக்கு 'வேண்டாம்' என்றுதான் சொல்வேன். விற்பவர் மிஷின் படம் ஒன்றுகூட அனுப்பவில்லை என்கிறீர்களே. அவருக்கு ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள்: மிஷின், டயல், பின்மூடி மூன்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீமாஸ்டர் பலவற்றின் பின்மூடியில் கடல் குதிரை பதித்திருக்கும். அதன் கோடுகள் கூர்மையாகத் தெரிகின்றனவா, பாலிஷ் போட்டுப் போட்டு மழுங்கி வெறும் நிழலாகிவிட்டதா என்று பாருங்கள். படம் வந்ததும் இங்கேயே போடுங்கள், பாயிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.