யூதக் குழந்தைகளுக்கு சினகாக்ல நடக்கற ஸ்கூல்ல என்னதான் சொல்லித் தராங்க?

நான் இருக்கறது நியூ ஜெர்சில, பக்கத்து வீட்டம்மா ஒரு சினகாக்ல (அதான் ஜெப ஆலயம்) ஞாயித்துக்கிழமை டீச்சர், அவங்க சொல்லிக் கேட்டது, கூடப் போய்ப் பார்த்தது இதை வச்சுதான் எழுதறேன். அமெரிக்கா கதை மட்டும், இஸ்ரேல்ல ஹீப்ருதான் பேச்சு மொழிங்கறதால அங்க கதையே வேற.

யூதப் பசங்க எல்லாரும் இதுக்குப் போறதில்ல. ரொம்ப ஆச்சாரமான குடும்பத்துப் பசங்க முழுநேர யூதப் பள்ளிலயே சேர்ந்துடுவாங்க, தோரா (அவங்க வேதத்தோட முதல் அஞ்சு புத்தகம்), தால்முத் (சட்டத்தையும் அதைப் பத்தின விவாதத்தையும் தொகுத்த பழைய நூல்) எல்லாம் அங்கயே ஆயிடும். பப்ளிக் ஸ்கூல் போற மத்த பசங்களுக்குத்தான் இந்த 'ஹீப்ரு ஸ்கூல்', ஞாயிறு காலைல ரெண்டு மூணு மணி நேரம், சில இடத்துல வாரநாள் சாயங்காலம் ஒண்ணும் உண்டு. இந்த ஞாயிறு ஸ்கூல் வழக்கத்தை இங்க ஆரம்பிச்சு வச்சது ரெபேக்கா கிராட்ஸ்னு ஒரு அம்மா, 1838ல, பிலடெல்ஃபியாவுல.

சின்ன வாண்டுகளுக்கு ஹீப்ருவோட 22 எழுத்து, வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கம், உயிர் ஒலிக்கு எழுத்தைச் சுத்திப் புள்ளியும் கோடும். அப்புறம் பண்டிகைகள். பூரிம் அன்னிக்கு எஸ்தர் கதை படிக்கும்போது யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமான் பேரு வந்தாலே கிலுகிலுப்பையச் சுத்தி, காலைத் தரையில தட்டி அந்தப் பேரே காதுல விழாம பண்ணணும், பசங்களுக்கு வேற என்ன வேணும்! தர்மத்துக்குன்னு ஒரு உண்டியலும் கிளாஸ்ல இருக்கும், வர்றப்பல்லாம் சில்லறை போடுவாங்க.

ஆனா உண்மையச் சொன்னா மொத்த ஸ்கூலும் ஓடறது 13 வயசுல வர்ற ஒரு சனிக்கிழமை காலைக்காகத்தான். வயசுக்கு வந்த யூதரா சமூகத்துல சேர்றதுக்கான விழா, பையன்களுக்கு பார் மிட்ஸ்வா, பொண்ணுங்களுக்கு பாட் மிட்ஸ்வா (அமெரிக்காவுல முதல்ல பண்ணிக்கிட்டவங்களா சொல்றது ஜூடித் கப்லன், நியூயார்க், 1922). தோல்ல கையால எழுதின தோரா சுருளை எல்லார் முன்னாடியும் ராகத்தோட படிக்கணும், அந்தச் சுருள்ல உயிர்க் குறியும் கிடையாது ராகக் குறியும் கிடையாது, வெறும் எழுத்து. அதனால பிராக்டிஸ் புத்தகத்துல பக்கத்துக்கு ரெண்டு பத்தி, ஒண்ணுல குறி எல்லாம் இருக்கும், இன்னொண்ணு சுருள்ல இருக்கற மாதிரியே மொட்டையா. குறி இருக்கற பத்தியைப் பார்த்துப் படிச்சிட்டு அதை மூடிட்டு மொட்டையா இருக்கறதுக்குப் போகணும், மாசக்கணக்குல. அன்னிக்கு சுருள் மேல விரல் படக்கூடாது, நுனியில குட்டி விரல் வச்ச வெள்ளிக் குச்சியால வரி பிடிச்சுப் போவாங்க, வார்த்தை தப்பினா பக்கத்துல நிக்கறவர் சட்டுனு திருத்துவார்.

எனக்கு இதுல ஒரு குறை. நிறைய பசங்களுக்கு சரளமா வாசிக்க வருது, அர்த்தம் தெரியல. விழா முடிஞ்ச அடுத்த வாரமே பாதி கிளாஸ் காணாமப் போயிடுதுன்னு பக்கத்து வீட்டம்மாவும் புலம்புவாங்க.

எனக்குப் பிடிச்சது வேற, பசங்களைக் கேள்வி கேட்க விடறது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலி குடுக்கப் போற கதை, ஒரு பொண்ணு எழுந்து "இப்படிக் கேட்கறவர் என்ன கடவுள்?"னுச்சு. நானா இருந்தா உட்காருன்னிருப்பேன். பக்கத்து வீட்டம்மா, இதே கேள்வியப் பெரியவங்களும் கேட்டிருக்காங்கன்னு சொல்லி, 11ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல இருந்த ராஷிங்கற வேத உரையாசிரியரோட உரைய எடுத்தாங்க, 'வெட்டு'ன்னு கடவுள் சொல்லவே இல்ல, 'மேல கூட்டிட்டு வா'ன்னுதான் சொன்னார், கூட்டிட்டு வந்ததும் இறக்கிடுன்னுட்டார், இப்படிப் போகுது அவர் விளக்கம். அந்தப் பொண்ணு ஒத்துக்கல, இது சமாளிப்புன்னுச்சு. சரி, உன் விழாப் பேச்சுல இதையே பேசுன்னுட்டாங்க. தான் வாசிக்கற பகுதியப் பத்தி அந்தப் புள்ளையே ஒரு பேச்சும் பேசணும், அதுவும் வழக்கம்.

உங்க ஆபீஸ்ல யாராவது இந்த விழாவுக்குக் கூப்பிட்டா கண்டிப்பாப் போங்க. ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், ஆம்பளைங்களுக்கு வாசல்லயே குல்லா வச்சிருப்பாங்க, நிறைய இடத்துல போட்டோ எடுக்க விடமாட்டாங்க. வாசிச்சு முடிச்சதும் புள்ள மேல எல்லாரும் மிட்டாய் எறிஞ்சா பயந்துடாதீங்க. மொய் எழுதறதா இருந்தா 18ஓட மடங்குல, 36, 54, 180 டாலர்னு, 18 அவங்களுக்கு ஆயுசைக் குறிக்கற எண்.