பள்ளிக்கூடத்தின் வக்கீலாகப் போகலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மூத்த மகள் சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகளுக்காக (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) ஆஜராகும் ஒரு சட்ட நிறுவனம் அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இளையவனுக்கு ஆட்டிசம். வாரத்துக்கு ஒரு ஸ்பீச் தெரபி வகுப்பு கூடுதலாக வாங்கவே பள்ளியோடு மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். “தம்பி மாதிரிப் பிள்ளைகளுக்கு எதிராகவா வாதாடப் போகிறாய்?” என்கிறார் அவள் அப்பா. “அந்த வேலையே உங்களுக்குப் புரியவில்லை” என்கிறாள் அவள். உண்மையில் அந்த வேலை என்ன? நிலையானதா? சேரலாமா?

பதில்: வீட்டுச் சண்டைக்குள் போகுமுன் அவசரமாக ஒன்று. அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர்களில் உங்கள் மகன் படிக்கும் டிஸ்ட்ரிக்ட்டும் உண்டா என்று, கையெழுத்துப் போடுமுன் மகள் கேட்டுவிட வேண்டும். உண்டு என்றால், தம்பி அங்கே ஐஇபியில் (குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) இருப்பதை அவளே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். வக்கீலின் சொந்த நலன் கட்சிக்காரரின் நலனோடு மோதும்போது, கட்சிக்காரர் எழுத்தில் சம்மதித்தால் பல மாநிலங்களில் சில சமயம் சமாளித்துவிடலாம். நியூஜெர்சியின் வக்கீல் நடத்தை விதி 1.7 அரசு அமைப்புகளுக்கு அந்த வாசலை அடைத்திருக்கிறது. அவை அப்படிச் சம்மதம் தரவே முடியாது. டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு அரசு அமைப்புதான். ஆக அந்த டிஸ்ட்ரிக்ட்டின் ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) ஃபைல்கள் அவள் கைக்கு வராமல் நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்ன நிறுவனமாக இருந்து, அந்த டிஸ்ட்ரிக்ட்டே அவர்களுக்குப் பெரிய வரும்படியாகவும் இருந்தால், வேலையே கைநழுவலாம். தம்பியின் ஐஇபி கூட்டத்தில் அக்காவாக வந்து உட்காரலாமா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஆபீசில் தெரிந்துகொண்டதை அவள் வீட்டில் சொல்ல முடியாது. நீங்களும் கேட்காதீர்கள்.

நான் இதே மாநிலத்தில் போர்டுகள் பக்கம் ஆஜராகிறவன். என் பதிலில் சாய்வு இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

அப்பாவின் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் இப்படிப்பட்ட பிள்ளைகளின் கல்விக்காக ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. ஐடியா (IDEA) என்று இன்று நாம் சொல்வதும் அதைத்தான். உடல், மன, கற்றல் குறைபாடுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமான, பொருத்தமான கல்வி தர வேண்டும் என்கிறது அது. ‘பொருத்தமான’ என்றால் எவ்வளவு என்பதை அது அளந்து சொல்லவில்லை. அந்த அளவைச் சண்டை போட்டுத் தீர்மானித்தவர்கள் இரு பக்க வக்கீல்களும்தான். 1982இல் ரௌலி வழக்கு. காது கேளாத ஒரு சிறுமி வகுப்புக்கு வகுப்பு நன்றாகவே தேறி வந்தாள். அவளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் தர வேண்டியதில்லை என்று நியூயார்க் மாநிலப் பள்ளி நிர்வாகம் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தது. ஜெயிக்க வைத்தது பள்ளித் தரப்பு வக்கீல்தான். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு, பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தால் போதும் என்று பல டிஸ்ட்ரிக்ட்டுகள் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டின. 2017இல் கொலராடோவின் எண்ட்ரூ எஃப். வழக்கில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிறுத்தினார்கள். அந்தந்தப் பிள்ளையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி ஐஇபி இருக்க வேண்டும் என்பது இன்றைய அளவுகோல்.

மகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஸ்கூல் போர்டு வக்கீலின் நாளில் பெரும்பகுதி கோர்ட்டில் கழிவதில்லை, போனில் கழிகிறது. வைஸ் பிரின்சிபால் கூப்பிடுவார்: “ஒரு பையன் பையில் வேப் (மின் சிகரெட்) இருக்கிறது என்று இன்னொருவன் சொல்கிறான், திறந்து பார்க்கலாமா?” அந்தக் கேள்விக்கு நாடு முழுவதும் இன்றும் விடை சொல்கிற வழக்கு உங்கள் பக்கத்து ஊரில் பிறந்தது. பிஸ்காட்டவே உயர்நிலைப் பள்ளியில் கழிவறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட 14 வயதுப் பெண்ணின் கைப்பையை அங்கிருந்த உதவித் தலைமை ஆசிரியர் சோதித்தார். 1985இல் உச்ச நீதிமன்றம், பள்ளிக்கு வாரண்ட் வேண்டாம், நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்றது. அடுத்த அழைப்பு கேலி, மிரட்டல் புகாராக இருக்கும். 2011இல் கையெழுத்தான நியூஜெர்சிச் சட்டப்படி அந்த விசாரணையை ஒரு பள்ளி நாளுக்குள் ஆரம்பித்துப் பத்துப் பள்ளி நாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆசிரியர் பணிப் பாதுகாப்பு, கூரை வேலைக்கு டெண்டர், ஊர் எல்லைக்கு வெளியே குடியிருந்துகொண்டு பிள்ளையைச் சேர்த்துவிட்டார்கள் என்ற புகார், ஆவணங்கள் கேட்டு வரும் மனுக்கள். மாலையில் போர்டு கூட்டம். அது பத்து மணிக்கு முடிந்தால் அன்று நல்ல நாள்.

இதில் ஸ்பெஷல் எட் தனி உலகம். நல்ல வக்கீல் அங்கே செய்கிற வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். சைல்ட் ஸ்டடி டீம் என்ற பள்ளி நிபுணர் குழு எழுதிய ஒரு ஐஇபி மேஜைக்கு வருகிறது. அதில் ஒரு இலக்கு: “மாணவன் தன் வாசிப்புத் திறனை மேம்படுத்திக்கொள்வான்.” போன வருஷ ஐஇபியைப் புரட்டினால் அதே வரி. அதற்கு முந்தின வருஷமும் அதே வரி, ஒரு எழுத்து மாறாமல். கூட்டத்துக்கு முன்பே வக்கீல் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்: பையன் இப்போது நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறான், எந்த வகுப்புப் பாடத்தை, எத்தனை பிழையோடு? ஜூனில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்? யார், எந்தத் தேதிகளில் அளப்பார்கள்? இந்த எண்கள் வந்துவிட்டால், பையனுக்கு இப்போது கிடைக்கும் உதவி போதாது என்று டீமுக்கே பல சமயம் புரிந்துவிடும். கூடுதல் உதவி அங்கேயே எழுதப்படும், பெற்றோர் வழக்குப் போட வேண்டிய தேவையே வராது. இப்படி முடிந்தவற்றை யாரும் எண்ணி வைப்பதில்லை, நிறுவனத்தின் விளம்பரத்திலும் போட முடியாது.

இன்னொன்று, வாயை அடக்கச் சொல்லிக் கொடுப்பது. “எங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் தனி உதவியாளர் எல்லாம் கொடுப்பதில்லை” என்று கூட்டத்தில் ஒரு சூப்பர்வைசர் சொல்லிவிட்டால் போதும். பிள்ளையைப் பார்க்காமலே முடிவெடுத்துவிட்டார்கள் என்று அது ஆகிவிடும். டென்னசியின் ஹாமில்டன் கவுண்ட்டி போர்டு, ஒரு குறிப்பிட்ட ஆட்டிசப் பயிற்சிமுறையை யாருக்கும் தருவதில்லை என்று எழுதப்படாத கொள்கை வைத்திருந்ததாலேயே 2004இல் மேல்முறையீட்டில் தோற்றது. செலவு அதிகம் என்ற வாதமும் எடுபடாது. சுவாசக் கருவியோடு வாழ்ந்த மாணவனுக்குப் பள்ளி நேரம் முழுக்க நர்ஸ் வேண்டுமா என்று அயோவாவின் சீடர் ராபிட்ஸ் வழக்கில் கேள்வி வந்தபோது, வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 1999இல். இத்தனைக்கும் இந்தக் கல்விக்கு நாட்டின் சராசரி மாணவர் செலவில் 40 சதவீதம்வரை தருவதாகச் சொன்ன மத்திய அரசு அந்த 40ஐ ஒருநாளும் எட்டியதில்லை. மீதியை ஊர் வீட்டுவரியிலிருந்தும் மாநிலப் பணத்திலிருந்தும் போர்டு தேட வேண்டும். அந்த நெருக்கடியில்தான் “இல்லை” என்ற சொல் பிறக்கிறது. அதைச் சட்டத்துக்குள் வைத்திருப்பது வக்கீலின் பொறுப்பு.

பெற்றோர் டியூ ப்ராசஸ் மனு, அதாவது பள்ளியின் முடிவை எதிர்த்து விசாரணை கேட்கும் மனு, போட்டுவிட்டால் கதை மாறும். 15 நாளுக்குள் பேச்சுவார்த்தைக் கூட்டம், சமரசத்துக்கு 30 நாள், அதன்பின் 45 நாளில் தீர்ப்பு என்பது சட்டக் கணக்கு. தள்ளிவைப்புகளோடு மாதக்கணக்கில் இழுக்கும். வழக்குப் போட்டவரே நிரூபிக்க வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூஜெர்சி 2008இல் தனிச் சட்டம் போட்டு அந்தச் சுமையைப் பள்ளியின் தலையில் வைத்தது. அதனால் இங்கே உங்கள் மகள் செய்யப்போகும் கடினமான வேலை, ஐஇபி சரியானதுதான் என்று ஆசிரியர்களைச் சாட்சி சொல்ல வைத்து நிரூபிப்பது. பெற்றோர் ஜெயித்தால் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் வக்கீல் ஃபீஸையும் டிஸ்ட்ரிக்ட் கட்ட நேரும். இரண்டு பக்கமும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதால்தான் பெரும்பாலானவை சமரசத்தில் முடிகின்றன: தனியார் பள்ளிச் செலவில் ஒரு பங்கை டிஸ்ட்ரிக்ட் ஏற்கும், பெற்றோர் பழைய குறைகளை விட்டுக்கொடுப்பார்கள், விவரம் வெளியே போகக் கூடாது என்று ஒரு வரி இருக்கும்.

இந்தத் தொழிலில் எனக்கு உறுத்தலான இடம் இங்கேதான் வருகிறது. வக்கீல் வைக்க வசதியுள்ள குடும்பம் சமரசம்வரை போகிறது. இல்லாத குடும்பம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது. நம்மவர்கள் கூட்டத்தில் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். டீச்சரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த நாம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, காரில் ஏறியதும் வெடிப்போம். இங்கிலீஷ் சரளமில்லாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை என்று மத்திய விதியே சொல்கிறது. கேட்டதை மறுத்தால் ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும் என்பதும் விதி. பெற்றோர் கேட்கட்டும் என்று காத்திராமல் இவற்றை டிஸ்ட்ரிக்ட் செய்துவிடும்படி சொல்கிற வக்கீலும் இருக்கிறார், கேட்காதவரை நல்லது என்று இருந்துவிடுகிற வக்கீலும் இருக்கிறார். இருவருக்கும் சம்பளம் ஒன்றுதான். வக்கீலின் கட்சிக்காரர் டிஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு. சூப்பரின்டெண்டென்ட்டோ, கோபத்தில் இருக்கும் பிரின்சிபாலோ அல்ல. “உங்கள் டைரக்டர் செய்தது தப்பு, கொடுத்துவிடுங்கள்” என்று சொல்லும் உரிமையை அந்த வித்தியாசம்தான் தருகிறது. பிள்ளையும் அவளுடைய கட்சிக்காரர் இல்லை என்பதை மகள் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அது தாங்காது என்றால் பெற்றோர் பக்கம் வேலை தேடுவதே மேல்.

நிலையானதா என்றால், ஆம். இந்த மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 600 டிஸ்ட்ரிக்ட்டுகள். நாடெங்கும் அரசுப் பள்ளி மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேர், 75 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஸ்பெஷல் எட்டில் இருக்கிறார்கள். இழப்பீடு கேட்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2023இலும் 2025இலும் இன்னும் அகலமாக்கியிருப்பதால் டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு ஆலோசனையின் தேவை கூடும். பணம் கார்ப்பரேட் நிறுவனங்களின் அளவுக்கு வராது. வரிப்பணம் என்பதால் கண்காணிப்பு உண்டு. ஒரு மாணவருக்கான சட்டச் செலவு மாநிலச் சராசரியின் 130 சதவீதத்தைத் தாண்டினால் அந்த டிஸ்ட்ரிக்ட் சிக்கன நடைமுறைகளை வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றால் செலவு குறையாது என்று காட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு போன் அழைப்பையும் நிமிடக் கணக்கில் எழுதி வைக்கும் பழக்கம் வந்துவிடும். பின்னாளில் பெற்றோர் பக்கம் மாற நினைத்தாலும் வழி உண்டு. பழைய கட்சிக்காரருக்கு எதிராக அதே விஷயத்திலோ அதோடு நெருங்கிய விஷயத்திலோ மட்டும் ஆஜராக முடியாது.

சேரலாமா என்பதற்கு விடை அந்த நிறுவனத்தைப் பொறுத்தது. அதன் குணத்தை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். போர்டு வருஷத்துக்கு ஒருமுறை வக்கீலை நியமிக்கும் தீர்மானத்தில் மணி நேரக் கட்டணம் இருக்கும், கூட்டக் குறிப்புகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அதைவிட முக்கியம் தீர்ப்புகள். இந்த மனுக்களை விசாரிக்கும் நியூஜெர்சி நிர்வாக நீதிபதிகளின் தீர்ப்புகளை ரட்கர்ஸ் சட்டக் கல்லூரி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பிள்ளைகளின் பெயர் முதலெழுத்துகளாக இருக்கும், வக்கீல்களின் பெயர் முதல் பக்கத்தில் முழுசாக இருக்கும். நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடி நாலைந்தை மகள் படிக்கட்டும். தோற்றதா ஜெயித்ததா என்பதைவிட, எந்தச் சண்டையை விசாரணைவரை கொண்டு வந்தார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். வக்கீல் இல்லாமல் தனியாக வந்த ஒரு தாய்க்கு எதிராக, அரை மணி நேர தெரபிக்காகப் பல நாள் விசாரணை நடத்தியிருந்தால் யோசிக்க வேண்டிய இடம் அது. சேர்வதற்கு முன் பேசும்போது, கடந்த வருஷம் ஆசிரியர்களுக்கு எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினீர்கள், ஒரு டிஸ்ட்ரிக்ட்டிடம் “இதை எதிர்க்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள்” என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள் என்றும் கேட்கலாம். கட்சிக்காரர் பெயர் சொல்லாமலே அதற்குப் பதில் சொல்ல முடியும்.