பைபாஸுக்குப் பின் மூன்றாம் வருடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மன்னார்குடி பக்கத்து கிராமம். வயது 43. மூன்று வருடம் முன்பு திருச்சியில் எடைக்குறைப்புக்காக பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ. ஒன்றரை வருடத்தில் 71-க்கு வந்தேன், சர்க்கரை மாத்திரையும் நின்றது. இப்போது 79. "இவ்வளவு செலவு பண்ணி என்ன பிரயோஜனம்" என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் நாலு வாய் வைத்ததும் நெஞ்சை அடைத்துக்கொண்டு எழுந்து ஓடுகிறேன். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, படுத்துவிட வேண்டியிருக்கிறது. அத்தை கண்ணேறு என்று சுத்திப்போடுகிறார்கள். சத்து மாத்திரைகளை ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டேன், அப்போது ரத்தம் எல்லாம் சரியாக இருந்தது. சில மாதமாகப் பாதம் மரத்துப்போகிறது. முட்டி வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். ஆபரேஷன் தோற்றுவிட்டதா? மறுபடி செய்ய வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டு கிலோவைப் பற்றிப் பிறகு பேசலாம். கடிதத்தின் முடிவில் போகிறபோக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: பாதம் மரத்துப்போவதும், மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையும். எனக்குக் கவலை தருவது அவைதான். இந்த வாரமே கவனிக்க வேண்டியவையும் அவைதான்.

உங்களுக்குச் செய்தது என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியோடு நேராக இணைத்திருப்பார்கள். தலைமடை வயல்களைத் தொடாமல் தண்ணீரைக் கடைமடைக்குத் திருப்பிவிட்டது போன்ற ஏற்பாடு இது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்தத் தலைமடையில், அதாவது முன்சிறுகுடலில். உங்கள் உணவு இனி அந்த வழியாகப் போவதில்லை. வைட்டமின் பி12-ஐ உணவிலிருந்து பிரிக்க இரைப்பை அமிலம் வேண்டும், அதை உடம்பு ஏற்றுக்கொள்ள இரைப்பை சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். சிறு பையில் இரண்டுமே மிகக் குறைவு. இந்த மாற்றம் நிரந்தரம் என்பதால் மாத்திரைகளும் ஆயுள் முழுதும்தான். ஒரு வருடத்துக்குத்தான் என்று யாராவது சொல்லியிருந்தால் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வருடம் ரத்தம் சரியாக இருந்ததில் வியப்பில்லை. கல்லீரலில் இருக்கும் பி12 சேமிப்பு சில வருடங்கள் தாங்கும். அது தீரும் காலத்தில்தான் பாதம் மரக்கும், நாக்கு எரியும், இருட்டில் நடந்தால் தள்ளாடும். ரத்தசோகை இல்லாமலேயே நரம்பு கெடலாம் என்பதால் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. ஃபோலிக் அமிலம் உள்ள டானிக்கை மட்டும் குடித்து வந்தால் இன்னும் மோசம். ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். மரப்புக்கு பி1, பி6, தாமிரக் குறைவும் காரணமாகலாம், சர்க்கரை திரும்பி வந்திருந்தாலும் ஆகலாம்.

எனவே மருத்துவரிடம் கேட்டு எடுக்க வேண்டிய பரிசோதனைகள்: முழு ரத்த அணுக்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின், தாமிரம், துத்தநாகம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், ஆகவே சர்க்கரையை இரண்டு விதமாகவும் பார்க்கச் சொல்கிறேன். குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து எடுக்கும் சோதனை மட்டும் உங்களுக்கு வேண்டாம், லேபிலேயே மயங்கி விழ நேரலாம். ரத்தம் கொடுத்த பிறகுதான் நரம்பு ஊசி, அதாவது பி12 ஊசி. முதலில் ஊசி போட்டுவிட்டால் பி12 அளவு பொய்யாக உயர்ந்து நிற்கும். ஆனால் ரத்தம் எடுத்தாகிவிட்டால் முடிவுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பொதுவாக 1000 மைக்ரோகிராம் ஊசியை முதலில் நெருக்கமாகப் போட்டு, பிறகு மாதம் ஒன்றாக ஆக்குவார்கள். நரம்பு மீள்வது தாமதத்தைப் பொறுத்தது, அதனால்தான் இத்தனை அவசரம்.

அடுத்தது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் மூன்றும் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாதவை. பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் உண்டாக்கும். அந்தப் புண் ரத்தம் கசியலாம், ஓட்டையும் ஆகலாம். மெடிக்கலில் "பாராசிட்டமால்தாம்மா" என்று தரும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பல அட்டைகளில் அசிக்ளோஃபெனாக்கும் சேர்ந்திருக்கும். இதே மருந்தை ஊசியாகப் போட்டாலும் கெடுதல் கெடுதல்தான். தனிப் பாராசிட்டமால் போடலாம், முட்டியில் தடவும் களிம்பு போடலாம். மலம் தார் போலக் கறுத்து, ஒட்டி, நாற்றமடித்தால் அன்றே மருத்துவமனை. இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் இந்த ஒட்டலும் நாற்றமும் இருக்காது.

மாத்திரைகளை மறுபடி தொடங்கும்போது அட்டையில் "எலிமென்டல்" என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி. என்றால் அதில் உள்ள கால்சியம் சுமார் 210 மி.கி.தான். உங்களுக்கு உணவும் மாத்திரையுமாக ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. தேவை. ஒரே வேளையில் 500, 600-க்கு மேல் உடம்பு ஏற்காது, பிரித்துத்தான் போட வேண்டும். மலிவாகக் கிடைப்பது கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும் என்பதால் உங்களுக்குச் சிட்ரேட்தான் நல்லது. இன்னும் மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் வயதுப் பெண்ணுக்கு இரும்பு 45 முதல் 60 மி.கி. வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். காபியும் டீயும் இரும்பைத் தடுப்பவை. காலை எழுந்ததும் காபி, பதினொன்றுக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று ஓடும் நம் வீடுகளில் இரும்புக்கு மிஞ்சும் நேரம் இரவு படுக்கைக்குப் போகும்போதுதான். எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை சேர்க்காமல். கால்சியம் காலைப் பலகாரத்துக்குப் பிறகும் மத்தியானமும்.

இனி சர்க்கரைப் பொங்கல். அத்தை அன்பால்தான் சுத்திப்போடுகிறார்கள், அதை மறுக்க வேண்டாம். அவர்களிடம் காரணத்தையும் சொல்லுங்கள். இரைப்பையின் அடிவாசலில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் ஒரு தசை வளையம் உண்டு. உங்கள் உணவு அந்த வாசலுக்கே போவதில்லை. வெல்லம் மொத்தமாகக் குடலில் இறங்கி, ரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி. இதை டம்பிங் என்பார்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும் நடுக்கமும் கண் இருட்டலும் வேறு. ஏறிய சர்க்கரைக்கு இன்சுலின் அளவுமீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை விழுந்துவிடுகிறது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம், அதற்கும் மேல் ஆன பிறகே இது தலைகாட்டும். உங்களுக்கு எது வருகிறது என்று தெரிய, படபடப்பு வந்த நேரத்தைக் குறித்து, குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்து, சரியானதும் ஒரு முட்டையோ கையளவு வேர்க்கடலையோ சாப்பிட வேண்டும். வெறும் சர்க்கரையோடு நிறுத்தினால் அதே சுற்று மறுபடி வரும். அடிக்கடி 70-க்குக் கீழே போனால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே இந்தக் கணக்கில் சர்க்கரைதான். பானகமும் கரும்புச்சாறும் பொங்கலைவிட வேகம். திருவையாறு அசோகா அல்வாவை விட மனமில்லை என்றால், சாப்பாட்டின் கடைசியில் ஒரு டீஸ்பூன். வெறும் வயிற்றில் கூடவே கூடாது.

பந்தி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பந்தி கால் மணி நேரத்தில் முடிகிறது. உங்கள் பைக்கு 25, 30 நிமிடம் வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நின்றதும் கை தானாக வேகமெடுக்கும், மெல்லாத சோற்று உருண்டை பையின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். நெஞ்சை அடைப்பது அதுதான். கடைசிப் பந்தியில் உட்காருங்கள். கிளம்பும் முன் வீட்டில் ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டால் இலையில் உட்காரும்போது ஆவல் இருக்காது. சாதம் பரிமாறும் முன் கூட்டு, பருப்பு இரண்டையும் மென்று முடியுங்கள். வடையும் பூரியும் ஓரத்திலேயே இருக்கட்டும். இலையில் மிச்சம் வைப்பது பரிமாறியவருக்கு வருத்தம்தான், அதனால் வைக்கும் முன்பே கையைக் குறுக்கே காட்டிவிடுவது மரியாதை.

நிதானமாகச் சாப்பிட்டும் அடைத்தால், அல்லது தண்ணீரே தங்காமல் வாந்தி வந்தால், இணைப்பு சுருங்கியிருக்கலாம், புண் இருக்கலாம். எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் பி1, அதாவது தயமின், சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்குவதால் புழுங்கலரிசியில் அது பச்சரிசியைவிட அதிகம் நிற்கும். டெல்டாக்காரர்களுக்கு அது ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கிறது. நீங்கள் சாப்பிடும் இரண்டு கரண்டிச் சோற்றில் அது போதாது.

இப்போது எட்டு கிலோ. 1987-இல் ஸ்வீடனில் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக எடையில் 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாவது வருடத்தில் அந்த இழப்பு 25 சதவீதமாக நின்றது. 112-இலிருந்து 79 என்றால் உங்கள் இழப்பு 29 சதவீதம். தோல்வி என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. வீட்டில் பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள்.

ஏறுவதை நிறுத்த முடியும். நம் சாப்பாட்டு முறையே இங்கே பாதிக் காரணம். குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்றும் குழைந்து நீராக இறங்குகின்றன. பை நிறையும் முன்பே காலியாகிறது, ஒரு மணியில் பசிக்கிறது. அந்த இடைவெளியில் முறுக்கும் மிக்ஸரும் வருகின்றன. அவை வாயிலேயே கரைந்து வழுக்கி இறங்கும் பண்டங்கள், எவ்வளவு போனாலும் பைக்கு உறைக்காது. பைபாஸ் செய்தவர்களுக்கு எடை திரும்புவதில் இட்லி தோசையைவிட இந்த மாலை நேரக் கொறிப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். ரசத்தையும் மோரையும் டம்ளரில், சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ பின்போ குடியுங்கள். தட்டில் கெட்டியானவை மட்டும். முதலில் மீன், முட்டை, கூட்டு, கடைசியில் இரண்டு கரண்டிச் சோறு.

புரதம் நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டை 12, ஒரு டம்ளர் பால் 6, நூறு கிராம் மீன் 18, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு 7, சுண்டல் நூறு கிராம் 8, தயிர் 150 கிராம் 5, ஒரு கை வேர்க்கடலை 6. கூட்டினால் 62. விரால் குழம்பு மீனும் சுறாப் புட்டும் மிருதுவானவை, அடைக்காது. முறுகப் பொரித்த மீனும் காய்ந்த கோழி நெஞ்சும் அடைக்கும். புரட்டாசியில் மீனும் முட்டையும் நிற்கும்போது நூறு கிராம் பன்னீர் 18, உலர்ந்த சோயா உருண்டை 30 கிராம் 15 என்று ஈடுகட்டலாம். முழுநாள் பட்டினி விரதம் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது ஆபரேஷன் இந்த எட்டு கிலோவுக்குத் தேவையில்லை. புதிய எடைக்குறைப்பு ஊசிகளை யாராவது சொன்னாலும், முதலில் ரத்தத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பசியை இன்னும் அடக்கும் மருந்து, இருக்கும் புரதக் குறைவை ஆழமாக்கிவிடும். இந்த மாறுதல்களை மூன்று, நான்கு மாதம் செய்தும் எடை ஏறிக்கொண்டே போனால் பையையும் இணைப்பையும் எண்டோஸ்கோபியில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு சீட்டு எழுதி போன் உறைக்குள் வையுங்கள்: பைபாஸ் செய்த தேதி, மருத்துவமனை எண், வலி மாத்திரை வகை கூடாது என்பது, நீடித்த வாந்தியோடு வந்தால் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி என்பது. தயமின் இல்லாமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். சாப்பிட்டதும் மேல்வயிறு முறுக்கி வலித்து, விட்டுவிட்டு வந்தால் அதைக் கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட விடாதீர்கள். ஆபரேஷனில் குடலைத் தாங்கும் மடிப்புகளுக்கு இடையே உண்டான சந்து எடை குறைந்தபின் பெரிதாகி, அதில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம், ஆபரேஷன் ஆகி வருடங்கள் கழித்தும். அந்த வலி நிற்காவிட்டால் விடியும்வரை காத்திராமல், சிடி ஸ்கேனும் அறுவை சிகிச்சை நிபுணரும் உள்ள இடத்துக்குப் போங்கள். உங்களுக்குத் திருவாரூர், தஞ்சாவூர் இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக "பைபாஸ் செய்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

அன்புடன்